ஃபிரிட்ஜில் "சுற்றுப்புற வெப்பம் அதிகம்" எச்சரிக்கை: அறை 33 டிகிரிதான், பிறகு ஏன்?

வெக்கை33 கேட்டது:

வணக்கம். இரட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ, இன்வெர்ட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் டிஸ்ப்ளேயில் சுற்றுப்புற வெப்பம் அதிகம் என்ற விளக்கு எரிகிறது, கூடவே பீப் சத்தம். இரவில் தானாக அணைந்துவிடுகிறது. அறையில் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் 33 டிகிரிக்கு மேல் காட்டவே இல்லை.

பின்பக்கம் தட்டையான தகடு, கறுப்புக் கம்பி வலை கிடையாது. பக்கச் சுவர்கள் இரண்டும் கையை வைத்தால் நன்றாகச் சுடுகின்றன. ஃபிரிட்ஜ் ஒரு மாடத்துக்குள் நிற்கிறது: பக்கத்துக்கு 2 செ.மீ. இடைவெளி, தலைக்கு மேல் 6 செ.மீ. விட்டு ஒரு பலகை. அந்த இடுக்கில் தட்டையான அட்டைப்பெட்டிகளும் செருகியிருக்கின்றன. உள்ளே காய்கறி டிராயர் பக்கம் ஒட்டியுள்ள தகட்டில் வகுப்பு எஸ்.டி., கேஸ் ஆர்600ஏ, 52 கிராம் என்று இருக்கிறது. இப்போது ஃபிரிட்ஜ் பகுதி 7 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 14.

சென்சார் போய்விட்டதா? செட்டிங்கை இருப்பதிலேயே குளிரான நிலைக்குக் கொண்டுபோகலாமா? இப்படியே ஓடினால் கம்ப்ரசருக்கு ஆபத்தா?

---

கேப்பிலரி:

உள்ளே சூடு ஏறினால் வரும் எச்சரிக்கை வேறு, வெளிக்காற்று சூடானால் வரும் எச்சரிக்கை வேறு. உங்களுடையது இரண்டாவது. அது வெளியே உள்ள ஒரு சின்ன சென்சாரை வைத்து வருகிறது. உள்ளே 7 டிகிரி இருப்பதற்கும் அந்த விளக்குக்கும் நேரடித் தொடர்பில்லை, ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம்.

எஸ்.டி. வகுப்பு என்றால் 16 முதல் 38 டிகிரி வரையுள்ள அறைக்காக வடிவமைத்தது. எஸ்.என். 10 முதல் 32, என். 16 முதல் 32, டி. 16 முதல் 43. சில தகடுகளில் 'எஸ்.என்-டி' என்று சேர்த்து அடித்திருப்பார்கள், அது 10 முதல் 43 வரை தாங்கும். 33 டிகிரி அறை உங்கள் ஃபிரிட்ஜுக்கு வரம்புக்குள்தான். ஆனால் ஃபிரிட்ஜைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டு அறையைப் பார்ப்பதில்லை, சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கிறது. நிறைய மாடல்களில் அந்த இடம் கதவின் மேல் கீல் மூடிக்கு அடியில்தான்.

பின்பக்கம் தட்டை, பக்கச் சுவர் சூடு என்றால் கண்டன்சர் (சூட்டை வெளியே விடும்) குழாய் பக்கத் தகடுகளுக்கு உள்பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம். உள்ளிருந்து எடுத்த சூடும், கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் சேர்ந்து அந்தத் தகடுகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தகடு சுடுவது நல்லதுதான், வெயில் காலத்தில் 45 முதல் 50 டிகிரி வரை சாதாரணம். சிக்கல் அந்த 2 செ.மீ. சந்தில். சூடான காற்று மேலே ஏறுகிறது, பலகையில் முட்டி நிற்கிறது, அட்டைப்பெட்டி வழியை அடைக்கிறது. அது தேங்கும் இடம் மிகச் சரியாகக் கீல் மூடியின் தலைக்கு மேலே.

ஊகிக்காமல் அளந்து பாருங்கள். ஒயர் முனையுள்ள தெர்மாமீட்டர் போதும். கம்ப்ரசர் ஒரு மணி நேரமாவது ஓடிய பிறகு மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். ஒன்று, ஃபிரிட்ஜிலிருந்து 1 மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில், வெயில் படாமல். இரண்டு, பக்கச் சந்தின் நடு உயரத்தில், முனை தகட்டைத் தொடாமல். மூன்று, கீல் மூடியை ஒட்டி. மூன்றாவது அளவு அறையைவிட 3, 4 டிகிரி கூடுதல் என்றால் பரவாயில்லை. 8 டிகிரியைத் தாண்டினால் காற்றோட்டம்தான் குற்றவாளி, சென்சாரைத் தொடவே வேண்டாம்.

இடைவெளி மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டில் உள்ளதே இறுதி. பக்கத் தகட்டில் கண்டன்சர் உள்ளவற்றுக்குப் பக்கத்துக்கு 5 செ.மீ., பின்னால் 5 முதல் 10, மேலே 10க்குக் குறையாமல் கொடுத்தால் நிம்மதி. மாடத்தை அகலப்படுத்த முடியாதென்றால் பலகையைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் 1 செ.மீ. சேர்ப்பதைவிட மேலே திறந்துவிடுவது அதிகம் உதவும், ஏனென்றால் காற்று போக வழியிருந்தால்தான் கீழேயிருந்து புதுக்காற்று உள்ளே வரும். முழுதும் மூடிய கேபினட் என்றால் தரை மட்டத்தில் ஒரு திறப்பும் உச்சியில் ஒரு திறப்பும் வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 200 சதுர செ.மீ. ஒன்றை மட்டும் திறந்து பயனில்லை.

செட்டிங்: கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பலன் இருக்காது. சூட்டில் கம்ப்ரசர் ஏற்கெனவே இடைவிடாமல், முழு வேகத்தில் ஓடுகிறது. அதற்கு மேல் எண்ணைக் குறைத்தால் எங்கிருந்து குளிர் வரும்? ஒரே குளிர்ச் சுருளும் டேம்பரும் (ஃப்ரீசர் காற்றை ஃபிரிட்ஜ் பகுதிக்கு விடும் தடுப்பு) உள்ள மாடலாக இருந்தால் இன்னொரு கோளாறும் வரும்: ஃபிரிட்ஜ் பகுதியை 2 டிகிரிக்கு வைத்தால் டேம்பர் முழுக்கத் திறந்து ஃப்ரீசரின் குளிர்க்காற்றை இழுத்துக்கொள்ளும், ஃப்ரீசர் இன்னும் சூடாகும். ஃபிரிட்ஜ் 4, ஃப்ரீசர் மைனஸ் 18 என்று விட்டுவிடுங்கள். சூப்பர் கூல், சூப்பர் ஃப்ரீஸ் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

கம்ப்ரசர் ஒரே நாளில் போய்விடாது. கண்டன்சரின் சூடு சுற்றியுள்ள காற்றைவிட 10, 15 டிகிரி மேலே நின்றால்தான் வெப்பம் வெளியேறும். சந்துக் காற்று 45 என்றால் உள்ளே குழாய் 55க்கு மேல். அழுத்தம் ஏறும், கரண்ட் ஏறும், கடைசியில் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். மாதக்கணக்கில் இப்படி ஓடினால் ஆயுசு குறையும், மின்கட்டணம் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

---

பழைய_ரிலே:

7 டிகிரி, மைனஸ் 14 என்றாலே கேஸ் குறைச்சல்தான் சார். ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகும்.

---

ஈரக்காற்று:

@பழைய_ரிலே, கேஸ் கசிந்திருந்தால் பக்கத் தகடு சுடாது. கேஸ் குறைந்தால் சுழற்சியில் எடுத்து வெளியேற்றும் வெப்பமும் குறையும், தகடு வெதுவெதுப்போடு நின்றுவிடும். பின்னால் உள்ள குளிர்ச் சுருளிலும் நுழைவாய்ப் பக்கம் மட்டும் பனி பிடிக்கும், மீதி வெறுமையாக இருக்கும். இங்கே தகடு நன்றாகச் சுடுகிறது, ஃப்ரீசர் மைனஸ் 14 வரை போகிறது. சூட்டைக் கொட்ட இடமில்லாத ஃபிரிட்ஜின் அடையாளம் இது. தவிர, சுற்றுப்புற எச்சரிக்கைக்கும் கேஸ் அளவுக்கும் போர்டில் சம்பந்தமே இல்லை.

52 கிராம் ஆர்600ஏ உள்ள சிஸ்டத்தில் "கொஞ்சம் ஏற்றிப் பார்ப்போம்" என்பது விபரீதம். 10 கிராம் கூடினாலே சுமையில் பெரிய வித்தியாசம் வரும். அது எரியும் வாயு. கசிவு உண்மையிலேயே இருந்தால் கசிவை அடைத்து, ஃபில்டர் டிரையர் (குழாயில் ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டி) மாற்றி, வேக்குவம் போட்டு, தராசில் எடை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். காரணம் தெரியாமல் யாரையும் குழாயில் கைவைக்க விடாதீர்கள்.

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம். டோர் ரப்பரைச் சோதியுங்கள்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுக்கும்போது நான்கு பக்கமும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். கீல் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் தளரும். வெளிக்காற்று உள்ளே போனால் கம்ப்ரசர் அதிகம் ஓடும், தகடு அதிகம் சுடும், மேலே அதிகம் தேங்கும். சங்கிலி மாதிரி எல்லாம் இணைந்தது. இன்னொன்று, கதவுச் சட்டத்தைச் சுற்றி வியர்வை கட்டாமலிருக்க ஒரு சூடான குழாய் ஓடும். அங்கே சுடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கீழே கண்டன்சரும் அதற்கொரு ஃபேனும் உள்ள மாடல் வைத்திருப்பவர்களுக்கு: பிளக்கைக் கழற்றி, பின் அடிப்பக்க மூடியைத் திறந்து, மென்மையான பிரஷ்ஷும் வேக்குவம் கிளீனரும் வைத்துத் தூசியை எடுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் தள்ளினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி. மோட்டார், பேரிங் இறுகினால் முனகும், பிறகு நின்றுவிடும். ஓடுகிறதா என்று கம்ப்ரசர் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும், கம்ப்ரசர் நின்றிருந்தால் ஃபேனும் நிற்பது இயல்பு. சுத்தம் செய்த பிறகு மூடியைக் கட்டாயம் திரும்பப் போடுங்கள். "காற்று நன்றாக வரட்டும்" என்று திறந்தே விடுவார்கள், அது தலைகீழ் யோசனை. அந்த மூடிதான் காற்றைக் கண்டன்சர் வழியாக ஓட வைக்கிறது. இல்லாவிட்டால் ஃபேன் பக்கத்திலுள்ள காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

---

வெக்கை33:

நன்றி. அளந்தேன். மாடத்துக்குள்: அறை 33, பக்கச் சந்து 44, கீல் மூடி அருகே 46. அட்டைப்பெட்டிகளை எடுத்து, ஃபிரிட்ஜை முழுதாக வெளியே இழுத்து ஒரு நாள் விட்டபின்: அறை 33, பக்கத் தகட்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி 35, கீல் மூடி அருகே 35. உள்ளே இப்போது 4, ஃப்ரீசர் மைனஸ் 18. டோர் ரப்பர் நன்றாக இருக்கிறது.

ஆனால் எச்சரிக்கை மட்டும் இன்னமும் வருகிறது. முன்பைவிடத் தாமதமாக வந்து சீக்கிரம் போகிறது, அவ்வளவுதான்.

---

ஓம்மீட்டர்:

அப்படியானால் இரண்டு கோளாறு. மாடத்தின் கோளாறு தீர்ந்துவிட்டது, உள்ளே 4 வந்ததே சாட்சி. மிச்சம் இருப்பது சென்சார் பக்கம்.

இந்தச் சென்சார் என்.டி.சி. தெர்மிஸ்டர்: சூடு ஏற ஏற மின்தடை குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒயர் அறுந்தாலோ கனெக்டர் தளர்ந்தாலோ தடை கூடும், போர்டு அதைக் கடுங்குளிர் என்று படிக்கும், அல்லது சென்சார் பிழை என்று தனிக் குறியீடு காட்டும். வெப்பம் அதிகம் என்று ஒருநாளும் சொல்லாது. பொய்யாகச் சூடு காட்ட வேண்டுமென்றால் தடை எங்கோ குறைந்திருக்க வேண்டும். அதற்கு வழி மூன்று: இரண்டு ஒயருக்கும் நடுவே ஈரமோ உப்போ பாலம் போட்டிருக்கும், ஒயரின் தோல் வெடித்திருக்கும், அல்லது சென்சார் தலையே கெட்டிருக்கும். நான்காவதாக ஒன்றும் உண்டு, எளிமையானது: சென்சார் கிளிப்பிலிருந்து நழுவிச் சூடான தகட்டில் சாய்ந்து கிடக்கும். மூடியைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

அதிகம் புழங்குவது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் உள்ளது. 5 கிலோ, 2.7 கிலோ வகைகளும் உண்டு, எனவே சர்வீஸ் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாடல்களில் அந்தத் தாள் மடித்து கம்ப்ரசர் பக்க மூடிக்குள்ளோ கீல் மூடிக்குள்ளோ இருக்கும். 10 கிலோ வகைக்கு உத்தேச அளவுகள்: 0 டிகிரியில் 29 முதல் 33 கிலோ ஓம், 33 டிகிரியில் 7.1 முதல் 7.4, 40 டிகிரியில் 5.3 முதல் 5.8.

செய்முறை. பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. இன்வெர்ட்டர் போர்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், 10 நிமிடம் கழித்துத்தான் போர்டு பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டும். கீல் மூடியின் திருகை எடுத்து, சென்சார் கனெக்டரைப் பிரியுங்கள். மீட்டரை 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து மூன்று அளவு எடுங்கள்:

முதலில் போர்டு முனையில் கனெக்டரைப் பிடுங்கி, அங்கிருந்து சென்சாரையும் ஒயரையும் சேர்த்து. பிறகு சென்சாரை மட்டும் தனியாக. கடைசியில் இரண்டு முனையும் பிரிந்த நிலையில் வெறும் ஒயரை, ஒரு கம்பிக்கும் மற்றதுக்கும் நடுவே. இந்தக் கடைசி அளவு முடிவிலியாக இருக்க வேண்டும், எண் ஏதும் வரவே கூடாது. சென்சார் தலையை விரலால் பிடிக்காதீர்கள், உடம்புச் சூட்டில் அளவு நகர்ந்துவிடும்.

---

வெக்கை33:

தகட்டில் சாய்ந்திருக்கவில்லை, கிளிப்பில்தான் இருக்கிறது. சர்வீஸ் தாளில் 25 டிகிரிக்கு 10 கிலோ ஓம். அறை 33. ஒயரோடு சேர்த்து 4.9 கிலோ ஓம். சென்சார் மட்டும் 7.2. வெறும் ஒயரில் 15 கிலோ ஓம் காட்டுகிறது, கதவை அசைத்தால் எண்ணும் அசைகிறது.

---

ஓம்மீட்டர்:

கிடைத்துவிட்டது. 7.2ம் 15ம் பக்க இணைப்பில் சேர்ந்தால் 4.9தான் வரும், கணக்கு ஒட்டுகிறது. போர்டுக்கு 4.9 கிலோ ஓம் என்றால் 42 முதல் 45 டிகிரி. அது எஸ்.டி. வகுப்பின் 38க்கு மேல், அதனால் கத்துகிறது. இரவில் அறை குளிர்ந்ததும் மொத்தத் தடையும் கொஞ்சம் ஏறிவிடும், அதனால்தான் அப்போது வாயை மூடிக்கொள்கிறது. சென்சார் நல்ல நிலையில் இருக்கிறது, வாங்க வேண்டாம்.

கதவை அசைத்தால் எண் அசைகிறது என்றால் கோளாறு கீல் துளைக்குள். டிஸ்ப்ளே கதவில் இருக்கும் மாடல்களில் ஒயர் கட்டு கீலின் நடுத்துளை வழியாகக் கதவுக்குள் போகும், கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முறுக்கிக்கொள்ளும். சென்சார் ஒயரையும் அதே கட்டில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தோல் மயிரிழையாக வெடிக்கும், மேலே துடைக்கும் தண்ணீர் உள்ளே இறங்கும், செம்பு பச்சை பூக்கும். கனெக்டர் பின்களுக்கு நடுவேயும் அந்தப் பச்சை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் சின்ன பிரஷ்ஷும் போதும்.

மாற்றுவதற்கு முன் ஒரு உறுதிச் சோதனை செய்யலாம். 10 கிலோ ஓம், 1 சதவீத ரெசிஸ்டரைப் போர்டு முனையில் சென்சாருக்குப் பதிலாகச் செருகி, மூடிகளைப் போட்டு, பிளக்கை மாட்டுங்கள். போர்டு அதை 25 டிகிரி என்று படிக்கும். எச்சரிக்கை வராவிட்டால் போர்டு நன்றாக இருக்கிறது, ஒயர்தான். வந்தால் போர்டிலுள்ள சென்சார் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். "இதுவே சரியாக இருக்கிறதே" என்று அப்படியே விட்டுவிட்டால் வெளிச்சூடு எவ்வளவு ஏறினாலும் போர்டுக்குத் தெரியாது. வியர்வை ஹீட்டரையும் டேம்பரையும் இந்தச் சென்சாரை வைத்து நடத்தும் மாடல்களில் மழைக்காலத்தில் கதவோரம் தண்ணீர் சொட்டும்.

---

ஈரக்காற்று:

ஓம்மீட்டர் சொன்னதோடு ஒட்டுப்போடும் முறையையும் சேர்த்துவிடுகிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். வெடித்த இடத்தை வெட்டி, மெல்லிய இழைகள் உள்ள ஒயரால் இணையுங்கள். ஒற்றைக் கம்பி வேண்டாம், முறுக்கில் ஒடிந்துவிடும். இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் வரக் கூடாது, 3 செ.மீ. முன்பின் தள்ளிப் போடுங்கள். சால்டர் செய்து, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் மாட்டிச் சூடுகாட்டுங்கள். இன்சுலேஷன் டேப் வெக்கையில் இளகிப் பிசுபிசுத்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், மறுபடி அதே 15 கிலோ ஓம்தான் வந்து நிற்கும். ஆர்600ஏ இயந்திரம் என்பதால் சூடுகாட்டும் வேலையை ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபிரிட்ஜ் பிளக் கழன்ற நிலையில் செய்யுங்கள். கேஸ் கசிவுச் சந்தேகம் துளி இருந்தாலும் செய்யாதீர்கள்.

ஒட்டு கீல் துளைக்குள் வரக் கூடாது. இடமிருந்தால் சென்சார் ஒயரைக் கட்டிலிருந்து பிரித்துத் தனியாக, கீலைத் தொடாமல் பின்பக்கம் கொண்டுபோங்கள். முடித்த பிறகு போர்டு முனையில் மறுபடி அளந்தால் 33 டிகிரி அறையில் 7.1 முதல் 7.4க்குள் வர வேண்டும். அதன் பிறகே கீல் மூடியைத் திருகுங்கள்.

7 டிகிரியில் இருந்த சாமான்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பால், சமைத்தது, இறைச்சி எல்லாம் 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டியவை. அந்த நாட்களில் உள்ளே இருந்தவற்றை முகர்ந்து பார்த்து முடிவுசெய்யாமல் எடுத்துவிடுங்கள். டிஸ்ப்ளே காட்டும் எண்ணையும் ஒருமுறை சரிபார்க்கலாம்: ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, தெர்மாமீட்டர் முனையை அதில் போட்டு இரவு முழுக்க விட்டுக் காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள்.

---

பழைய_ரிலே:

தகடு சுடுவதைக் கவனிக்கவில்லை, சரிதான். ஒரு சந்தேகம்: சரிசெய்த பிறகு திரும்ப அதே மாடத்துக்குள் தள்ளினால் எச்சரிக்கை வருமா?

---

கேப்பிலரி:

வரும். அங்கே கீல் அருகே 46 என்று அளந்திருக்கிறார், அது பொய்யில்லை, சென்சார் சரியானால் 46ஐச் சரியாகவே சொல்லும். பலகையைக் கழற்றிவிட்டு, முன்பக்கமாக ஒரு 10 செ.மீ. வெளியே நிற்க வைத்து, மறுபடி மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். கீல் அருகே 38ஐத் தொடவில்லை என்றால் அங்கேயே விடலாம். தொட்டால் வேறு இடம்தான். மாடத்துக்குள் சின்ன ஃபேன் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: வைக்கலாம், ஆனால் கீழேயிருந்து மேலே தள்ளும்படி, மேலே திறப்பு இருந்தால் மட்டும்.